வன்னிமைக் குதிரை

மருதடிக்குளத்துப் பெரியவளவு வீட்டில் அன்று முப்பத்தோராம் நாள். விடியற்காலையில் குளக்கட்டில் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, செத்துப்போன பெரியவரின் ஆத்மா ஒருபடியாகக் கரையேறிவிட்டது. மிச்சக் கரைச்சல் எல்லாம் உயிரோடு இருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு வெண்கலக் குதிரைக்கும்தான்.

அல்பேர்ட் தன் மொறிஸ் மைனரை வளவு வாசலில் நிறுத்தியபோது காலை எட்டு மணி. பின்கதவு திறந்து முதலில் ஒரு கறுப்புக் குடை இறங்கியது. அதன் பிறகு துப்பறியும் பரமலிங்கம் இறங்கினார். வவுனியாவில் இருபது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து, ஒரே பொய்யை இரண்டு பாஷையிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனுசன். பென்சன் எடுத்தபின் களவு, காணாமற்போனது என்று ஊர் ஊராகத் துப்புத் துலக்குகிறார். இன்றுவரை ஒரு வழக்கிலும் தோற்றதில்லை. அதை வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு நாளும் இருந்ததுமில்லை.

அல்பேர்ட் அவருக்குச் சாரதி, உதவியாள், பேச்சுத்துணை எல்லாம். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, படகில் ஏறினால் சத்தி எடுக்கிறான் என்று வீட்டார் கைகழுவிவிட, காருக்கு வந்து சேர்ந்தவன்.

"குதிரை தேடிக் கார் பிடிச்சு வந்த முதல் ஆக்கள் நாங்களாத்தான் இருப்பம், ஐயா," என்றான்.

"வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வாரும்."

"ரெண்டையும் ஒண்டாச் செய்ய எனக்குப் பழக்கமில்லை."

விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் தில்லைநாதன் இருந்தார். செத்தவரின் மூத்த மகன் அவர்தான். தந்தி அடித்துக் கூப்பிட்டதும் அவர்தான். நாற்பது வயது, அகன்ற நெஞ்சு, காதில் சிவப்புக்கல் கடுக்கன், தகப்பனுக்காக வழித்த தலையில் ஒரு மாத மயிர். வலக்கையில் இரண்டு விரலைச் சேர்த்துச் சீலை சுற்றியிருந்தது. அல்பேர்ட் அதைப் பார்ப்பதைக் கண்டு, "மாட்டுக்கயிறு வெட்டிப்போட்டுது," என்றார்.

அவர் மனைவி இராசேஸ்வரி தட்டத்தில் மூன்று பித்தளை மூக்குப்பேணிகளோடு வந்தாள். மெலிந்த பெண். கண்ணுக்குக் கீழே பல நாள் நித்திரை பாக்கி கிடந்தது. தேத்தண்ணி அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியிருக்க வேண்டும். அல்பேர்ட் பேணியைத் தொட்டான், "மாதாவே!" என்று கையை உதறினான். பரமலிங்கம் தன்னுடையதை ஸ்டூலில் வைத்துவிட்டு ஆறட்டும் என்று பார்த்திருந்தார். தில்லைநாதனோ பேணியை உள்ளங்கைக்குள் அமத்திப் பிடித்தபடி கதை சொல்லத் தொடங்கிவிட்டார்.

"ராச கை எண்டால் உதுதான்," என்றான் அல்பேர்ட், விரலை ஊதிக்கொண்டு. "எங்கடையெல்லாம் வெறும் கை."

தில்லைநாதனுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. சிரித்தார். இராசேஸ்வரி சிரிக்கவில்லை. சீலைத் தலைப்பால் அவர் கையிலிருந்து பேணியை வாங்கிக் கீழே வைத்து, "ஆறினாப்போலை குடியுங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"எங்கடை முன்னோர் வன்னியன்மார்," என்றார் தில்லைநாதன். "இந்தப் பகுதி முழுக்க ஆண்டவை. வெள்ளைக்காரன் வந்து வன்னிமையைப் பறிச்சான். பட்டம் போச்சுது, படை போச்சுது. குதிரை மட்டும் எங்களோடை நிண்டுட்டுது. ஒரு சாண் உயரம். முன்னங்கால் தூக்கின வெண்கலக் குதிரை. மேலை கொண்டையும் கடுக்கனுமா வன்னியனார், கையிலை வாள். அது ஆரின்ரை கையிலை இருக்குதோ, அவருக்குத்தான் ஐயனார் கோயில் முதல் மரியாதை. அவர் தலையாட்டினால்தான் வயலுக்குத் தண்ணி விடக் குளத்து மதகுத் துருசு திறக்கும். இண்டைக்கும் அப்பிடித்தான்."

"ஒரு சாண் குதிரையிலை ஏறி ஒரு ஊரையே ஓட்டலாம் எண்டுறியள்," என்றான் அல்பேர்ட்.

"ஓம்," என்றார் தில்லைநாதன் பகிடி விளங்காமல். "ஆனால் எங்கடை ஐயா சாகேக்கை புத்தி தடுமாறிக் 'குதிரை சின்னவனுக்கு' எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார். சின்னவன் எண்டால் என்ரை தம்பி சின்னராசா, இளையதாரத்தின்ரை மகன். ரெண்டு பேர் கேட்டால் குதிரையே தீர்ப்புச் சொல்லும் எண்டது எங்கடை முறை."

அந்த முறையையும் அவரே விளக்கினார். முப்பத்தோராம் நாள் பொழுதுபடக் கோயில் வாசலில் விறகுத் தணல் போட்டுக் குதிரையை அதற்குள் புதைப்பார்களாம். பூசாரியார் பத்துப் பாட்டுப் பாடி முடிந்ததும், உரிமை கேட்பவன் வெறுங்கையால் குதிரையைத் தூக்கிக்கொண்டு ஏழடி நடந்து பலிகல்லில் வைக்க வேண்டும். உண்மையான வாரிசைக் குதிரை சுடாதாம். கீழே போட்டவனுக்குக் குதிரையும் இல்லை, வளவும் இல்லை. கடைசியாக இது நடந்தது பாட்டனாரின் தகப்பன் காலத்தில்.

"தோத்தவருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார் பரமலிங்கம்.

"கை அழுகிச் செத்தவர்," என்றார் தில்லைநாதன், மழை பெய்தது என்று சொல்லுகிற மாதிரி. "நான் உடனை ஓம் எண்டனான். சின்னவன் முழுசினான். ரெண்டு நாளைக்கு முதல் குதிரையைக் காணேல்லை. பயந்தவன்தானே ஒளிப்பான்? ஆளை நெல்லறையிலை பூட்டி வைச்சிருக்கிறன். பொழுதுபடமுன் குதிரை வந்தால் நெருப்பு தீர்ப்புச் சொல்லும். வராட்டிக் கள்ளன் அவன்தான் எண்டு கோயிலிலை வைச்சுச் சொல்லி, பெண்சாதியோடை ஊரை விட்டுத் துரத்துறது."

நெல்லறை வாசலில் இரண்டு தடியர்கள் துவரந்தடியோடு குந்தியிருந்தார்கள். உள்ளே நெல் மூட்டைகளுக்கு நடுவில் சின்னராசா கிடந்தான். இருபத்தாறு வயது இருக்கும். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, கீழுதடு பிளந்திருந்தது. முதுகை மூட்டையில் சாய்க்க முடியாமல் ஒருக்களித்து இருந்தான்.

"எடுத்தனீரோ?" என்று கேட்டார் பரமலிங்கம்.

"இல்லை."

"பயமோ?"

"பயம்தான். நெருப்பைப் பிடிக்கிறதுக்குப் பயமில்லாத மனுசன் ஆர்? இந்தக் கையாலைதான் நான் விதைக்கிறன், வெட்டுறன். இது போனால் என்ரை மனுசிக்கு ஆர் சோறு போடுறது? எண்டாலும் பிடிப்பன். அப்பர் எனக்கெண்டுதானே சொன்னவர்." அவன் இருமினான். "அண்ணருக்குத்தான் பயமில்லை. சின்ன வயசிலை கொள்ளிக்கட்டையைக் கண்டால் கத்திக்கொண்டு ஓடுறவர். இப்ப ராசாவாம், சுடாதாம்."

வெளியே வரத் திரும்பியபோது அவன் பின்னாலிருந்து, "என்னை அடிச்ச ஒவ்வொருத்தன்ரை பேரும் எனக்கு மனப்பாடம்," என்றான். யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை.

குதிரை நின்ற இடம் சுவாமியறை. சுவரில் ஒரு மாடம், அதில் சிவப்புப் பட்டு, பட்டில் நான்கு குளம்புத் தடத்துக்குப் பதில் மூன்று. நாலாவது கால் தூக்கிய காலல்லவா? பரமலிங்கம் குடைக்கம்பியால் பட்டைத் தூக்கிப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அல்பேர்ட் மாடத்துக்குக் கீழே குந்தி, நிலத்திலிருந்து எதையோ நகத்தால் கிளப்பினான். சின்ன வெள்ளித்துண்டு போல ஒன்று.

"ஐயா, இந்த வீட்டிலை ஒரு மாசமா மரக்கறிதானே?"

"செத்தவீடு. அந்தியேட்டி முடியுமட்டும் மச்சம் ஆகாது. குசினிப் பூனையின்ரை விலா எலும்பைப் பாத்தாலே தெரியுதே."

"அப்ப சுவாமியறைக்குள்ளை மீன் செதில் என்ன செய்யுது?" அதை வெளிச்சத்தில் பிடித்தான். "திரளிச் செதில். நந்திக்கடல் திரளி. என்ரை அப்பு இதைப் பாத்து மீன்ரை வயசு சொல்லுவார். எனக்கு மீன்ரை சாதி மட்டும்தான் தெரியும்."

பரமலிங்கத்தின் முகம் மலர்ந்தது. அல்பேர்ட் நிமிர்ந்தபோது வாசலில் இராசேஸ்வரி நின்றாள். அவள் பார்வை அவர்கள் முகத்தில் இல்லை, செதிலில் இருந்தது. அடுத்த நிமிடம் ஆளைக் காணவில்லை.

வாசலில் இருந்த ஒரு தடியனிடம் பரமலிங்கம் சும்மா விசாரிக்கிற மாதிரிக் கேட்டார். இந்த ஊருக்கு மீன் கொண்டுவருவது அருளம்மா என்ற ஒருத்திதானாம், முல்லைத்தீவுக் கரையிலிருந்து. முந்தநாளும் வந்தாளோ? வந்தாள். பெரியவளவுக்கு எதற்கு? தடியன் தலையைச் சொறிந்தான். அவனுக்கு அதுவரை அந்த யோசனையே வந்திருக்கவில்லை.

"மீன்காரி குசினி வாசலுக்கு இஞ்சாலை வரமாட்டாள்," என்றார் பரமலிங்கம் காரில் ஏறியதும். "ஆனால் அவளின்ரை மீன் கடகம் சுவாமியறைமட்டும் வந்திருக்குது. கடகத்துக்குக் கால் இல்லை. உள்ளுக்கை கொண்டுபோனது வீட்டு ஆள்."

"செதிலைப் பாத்து மறைஞ்ச பொம்பிளை ஒராள்தானே, ஐயா."

"அதுதான். ஓட்டும்."

முல்லைத்தீவுக்குப் பதினாலு மைல்கட்டை. றோட்டில் இருந்ததைவிடக் குழியில்தான் கார் கூடுதலாக ஓடியது. அருளம்மாவின் குடில் நந்திக்கடல் ஓரத்தில், தாழம்பற்றைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் வாசலில் குந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, திடகாத்திரமான உடம்பு. குடையைக் கண்டதும் கத்தி நின்றுவிட்டது.

"எங்கடை ஆள் கடலுக்குப் போயிட்டார். என்ன வேணும்?"

"குதிரை," என்றார் பரமலிங்கம்.

"மீன்காரியிட்டைக் குதிரை கேக்க வந்தனீங்களோ? உங்களுக்கென்ன விசரோ?"

சொல்லிவிட்டு அவளே எழுந்து கதவைத் தள்ளித் திறந்தாள். பாருங்கோ, ஒளிக்க என்ன இருக்குது என்ற மாதிரி. ஒற்றை அறை. பாய், பெட்டி, வலை. மூலையில் சுரூபங்கள் வைத்த தட்டு ஒன்று. மாதா, அந்தோனியார், அவர்களுக்குப் பக்கத்தில் குதிரை மேல் வாளோடு அப்போஸ்தலர் சந்தியோகுமையோர். தலை நிறையக் காகிதப்பூ முடி. அல்பேர்ட்டின் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டது. கரையில் அந்தச் சுரூபம் இல்லாத வீட்டை அவன் கண்டதில்லை.

பரமலிங்கம் பெட்டியைத் திறந்தார், வலையைக் கிளறினார், கூரையில் குடையால் குத்தினார். சந்தியோகுமையோருக்கு முன்னால் இரண்டு தரம் போய்வந்தார். சைவக்காரர், அவர் கண்ணுக்கு அது கிறிஸ்தவ வேதக்காரரின் ஏதோ ஒரு சாமி. அவருக்குப் பிடிபடாமல் போன நல்ல மறைவிடம்தான். குதிரைக்காரனை ஒளிக்க இன்னொரு குதிரைக்காரனின் இடத்தைத் தேடிப் பிடித்தவளை மெச்சத்தான் வேண்டும்.

அல்பேர்ட் மட்டும் அங்கேயே நின்றான். ஏதோ ஒன்று அவனுக்குச் சரிவரவில்லை. முழங்காலில் நின்று பார்த்தான், அப்போது பிடிபட்டது.

"அக்கா," என்றான் மெல்ல. "மாதாவுக்கு முன்னாலை மெழுகுதிரி உருகி ஓடியிருக்குது. அந்தோனியாருக்கு அடிக்கட்டைதான் மிச்சம். சந்தியோகுமையோர் என்ன பாவம் செய்தவர்? அவரின்ரை மெழுகுதிரியின்ரை திரி இன்னும் வெள்ளையாவே நிக்குது."

அல்பேர்ட் காகிதப்பூ முடியைத் தூக்கினான். கீழே கொண்டை. காதிரண்டிலும் கடுக்கன்.

"கொண்டை கட்டின அப்போஸ்தலரை நான் இண்டைக்குத்தான் காணுறன்," என்றான்.

அருளம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "மெழுகுதிரியை வைச்சனான், தம்பி. கொளுத்தக் கை வரேல்லை. அது எங்கடை ஆள் இல்லையே. மாதா பாத்துக்கொண்டெல்லே நிக்கிறா."

"தந்தது இராசேஸ்வரிதானே?" என்றார் பரமலிங்கம்.

"பேர் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான். என்னட்டைக் கையெடுத்துக் கும்பிட்டவா, ஐயா. பெரியவளவுப் பொம்பிளை, மீன்காரியைக் கும்பிட்டவா. 'இது திரும்பி வந்தால் என்ரை வீடு அழிஞ்சுபோம்' எண்டு சொன்னவா. ஏனெண்டு நான் கேக்கேல்லை. அந்த முகத்தைப் பாத்துப்போட்டு எப்பிடிக் கேக்கிறது? கொண்டுபோகாதேங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பரமலிங்கம் ஏற்கெனவே தோள் சால்வையை விரித்துக் குதிரையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் குதிரை முன்சீட்டில் அல்பேர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கெட்டியான பாரம். ஒவ்வொரு குழிக்கும் அது அவன் தொடையில் இடித்தது.

"கெட்டிக்காரன் நீர். மெழுகுதிரியை நான் கவனிக்கேல்லை," என்றார் பரமலிங்கம். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது வருடத்துக்கு ஒருமுறை.

"அந்த மெழுகுதிரியை நானும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஐயா, ஒரு யோசனை. பெரியவளவு அக்காவைத் தனியக் கூப்பிட்டுக் கதைப்பம். குதிரையைக் குளத்துக்குள்ளை எறிஞ்சுபோட்டதெண்டு சொன்னாலும் சரி. நெருப்பு இல்லாமல் ஏதாவது செய்யலாம்."

"குதிரை வராட்டி நெல்லறையிலை கிடக்கிறவன் கள்ளனெல்லே?"

அல்பேர்ட் அடுத்த குழிக்காகப் பிரேக்கை மிதித்தான்.

"இதுக்கு மறுமொழி சொல்லும்," என்றார் பரமலிங்கம், குடைப்பிடியைத் தடவியபடி. "புருசன் வெல்லுவன் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறான். பெண்சாதி ஏன் குதிரையை ஒளிக்கிறா?"

"கை வெந்துபோம் எண்ட பயம்தான்."

"அப்பிடியெண்டால் புருசனுக்கெல்லே அந்தப் பயம் முதல் வரவேணும். கொள்ளிக்கட்டைக்குக் கத்தினவனுக்கு அது எங்கை போச்சுது?" பிறகு மெல்லச் சிரித்தார். அல்பேர்ட்டுக்கு அந்தச் சிரிப்புப் பழக்கம். வழக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம். "காலமை குடிச்ச தேத்தண்ணி ஞாபகம் இருக்கோ?"

"நான் எங்கை குடிச்சனான்? விரல்தான் குடிச்சது."

"சரி. பொழுதுபடப் பாரும்."

கேட்டுக் கேட்டுப் பார்த்தும் அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. மனுசனுக்கு முடிச்சை அவிழ்ப்பதைவிட, ஆட்களுக்கு முன்னால் அவிழ்ப்பதில்தான் ஆசை.

ஐந்து மணிக்கு ஐயனார் கோயில் முன்றலில் ஊரே கூடிவிட்டது. மருதமரத்துக்குக் கீழே பாலை விறகு எரிந்து தணலாகிக் கிடந்தது. குதிரையைக் கண்டதும் தில்லைநாதன் பரமலிங்கத்தைக் கட்டிப்பிடிக்காத குறை. எங்கே கிடைத்தது என்று கேட்டார். "கரையிலை," என்றார் பரமலிங்கம். யாரிடமிருந்து என்பதை விழுங்கிவிட்டார். பெண்கள் பக்கத்தில் இராசேஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அல்பேர்ட் அவளைப் பார்க்கப் பயந்து தணலைப் பார்த்தான்.

பூசாரியார் இடுக்கியால் குதிரையைத் தணலுக்குள் புதைத்தார். பாட்டுத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாம் பாட்டில் வன்னியனாரின் வாள் தணலின் நிறத்துக்கு வந்துவிட்டது. சின்னராசாவைத் தடியர்கள் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் நிறுத்தினார்கள். அவனுடைய இளம் மனைவி பின்னால் நின்று கத்தினாள்.

"இளையவன் முதல் தொடட்டும்," என்றார் தில்லைநாதன்.

அப்போதுதான் பரமலிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு முன்னுக்கு வந்தார். "பிறத்தியான் கதைக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. மூத்தவர் நிக்க, இளையவர் முதல் தொடுறதோ இந்த வம்சத்தின்ரை முறை?"

சனம் முணுமுணுத்தது. தில்லைநாதன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்கென்ன? ஆர் முதல் எண்டாலும் ஒண்டுதான்."

"வேண்டாம்!" என்று ஒரு குரல் கீச்சிட்டது. இராசேஸ்வரி. ஒருவரும் அவளைக் கணக்கெடுக்கவில்லை.

பத்தாம் பாட்டு முடிந்தது. தில்லைநாதன் குனிந்து, தணலை விலக்கி, வலக்கையால் குதிரையை அள்ளித் தூக்கினார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ஓரடி. ஈரடி. மூன்று, நான்கு. ஐந்தாவது அடியில் யாரோ "அரோகரா" என்றார்கள். ஆறு. ஏழு. முன்றல் முழுக்க "அரோகரா!" என்று அதிர்ந்தது. சின்னராசாவின் தலை தொங்கிவிட்டது.

பலிகல்லில் வைத்திருந்தால் அந்த நிமிடம் அவர்தான் ராசா. அவர் வைக்கவில்லை. ஊர் பார்க்க வேண்டும் என்று குதிரையைத் தலைக்குமேல் தூக்கினார். ஒரு பக்கம் திரும்பிக் காட்டினார், மறுபக்கம் திரும்பிக் காட்டினார்.

"எனக்குச் சுடேல்லை!" என்று சத்தம் போட்டார். "பாருங்கோ, எனக்குச் சுடேல்லை!"

அரோகராச் சத்தம் முன்வரிசையிலிருந்து அடங்கத் தொடங்கியது. முன்னுக்கு நின்ற பெண்கள் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள். இறைச்சி கருகுகிற மணம். அவருடைய மணிக்கட்டால் ஏதோ வழிந்து முழங்கைக்கு வந்தது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டு நின்றார்.

"வையுங்கோ! ஐயோ, அதைக் கீழை வையுங்கோ!" இராசேஸ்வரி சனத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்து அவர் கையைத் தட்டினாள். குதிரை பலிகல்லில் நங்கென்று விழுந்தது. உள்ளங்கைத் தோல் அதோடு போய்விட்டது. தில்லைநாதன் தன் கையைப் பார்த்தார். வேறு யாருடையதோ கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பரமலிங்கம் குடையின் நுனியை நீட்டி, அவர் விரல்களில் கருகித் தொங்கிய சீலைச் சுற்றை இழுத்து விழுத்தினார். கீழே மாட்டுக்கயிறு வெட்டின காயம் இல்லை. பழைய சூட்டுப் புண்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, சுருட்டு நெருப்புப் பட்டதும் பேணி பட்டதும் தெரியாமலே பழுத்த புண்கள். பக்கத்திலே வெளிறிய தேமல்.

"குதிரை இவரைச் சுட்டிருக்குது," என்றார் பரமலிங்கம், கோட்டிலே தீர்ப்பு மொழிபெயர்க்கிற அதே குரலில். "இவருக்குத்தான் தெரியேல்லை. இந்தக் கையிலை உணர்ச்சி செத்துப் பல மாசம். அதை நம்பித்தான் தம்பியை நெருப்புக்குக் கூப்பிட்டவர். தம்பியின்ரை கை வேக, தன்ரை கை வேகிறதும் தெரியாமல் ராசாவாகலாம் எண்டு கணக்குப் போட்டவர்."

பூசாரியார் ஓரடி பின்னால் வைத்தார். "பெருவியாதி," என்று ஒரு கிழவர் சொன்னார். தொழுநோயைச் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்கு ஊரே பின்வாங்கியது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அரோகரா சொன்ன சனம், இப்போது பிள்ளைகளை இழுத்து மடிக்குள் ஒளித்தது. மருதமரத்துக்குக் கீழே புருசனும் பெண்சாதியும் மட்டும் நின்றார்கள்.

இராசேஸ்வரி பரமலிங்கத்தைப் பார்த்தாள். கண்ணீர் இல்லை. "அவர் சுடாதெண்டு சந்தோசப்பட்டார். சுடுறது தெரிஞ்சால்தானே மனுசன் கையை எடுப்பான்? எப்ப விடுறதெண்டு இவருக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும். குதிரையை ஒளிச்சால் கையையும் ஒளிக்கலாமெண்டு நினைச்சனான். நீங்கள் கெட்டிக்காரர், ஐயா. கண்டுபிடிச்சுப்போட்டியள்."

பரமலிங்கம் மழையும் வெயிலும் இல்லாத நேரத்தில் குடையை விரித்துப் பிடித்தார்.

பூசாரியார் குதிரைமேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அது சீறி ஆறியது. மூத்தவன் விலக, போட்டிக்கு ஆள் இல்லை. பட்டில் வைத்துச் சின்னராசாவிடம் நீட்டினார்கள். வீங்காத ஒற்றைக் கண்ணால் அவன் அதை வெகுநேரம் பார்த்தான். வாங்கினான். நெஞ்சோடு அணைத்தான். அல்பேர்ட்டுக்கு மனம் ஆறியது. ஒரு கையாவது தப்பியதே என்று நினைத்தான்.

சின்னராசா திரும்பி, காலையிலே தன்னை அடித்த தடியர்களைப் பார்த்தான். அவர்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள்.

"தடி இருக்கோ?" என்றான்.

"ஓம், சின்னையா."

"இவையை ஊர் எல்லைமட்டும் துரத்துங்கோ. கையாலை தொடாதேங்கோ, தடியாலை தள்ளுங்கோ. வளவுக்கை இருக்கிற பாய், பேணி எல்லாத்தையும் எரியுங்கோ."

"அண்ணியாருக்கு ஒண்டுமில்லையே, சின்னையா," என்று ஒருவன் இழுத்தான்.

"அவாவையும்தான்."

குதிரை கைக்கு வந்து இன்னும் ஐந்து நிமிடம் ஆகவில்லை. தடியர்கள் கடகடவென்று புறப்பட்டார்கள். காலையில் தம்பிக்கு விழுந்த அடியைவிட அண்ணனுக்கு விழுந்தது கொஞ்சம் பலமாகவே விழுந்தது. புது ஆளிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டுமே!

அல்பேர்ட் ஓடிப்போய் மொறிஸ் மைனரைச் சனத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்தான். "ஏறுங்கோ அக்கா. அவரை ஏத்துங்கோ. ஆசுபத்திரிக்குப் போவம். இந்த வருத்தத்துக்கு இப்ப குளிசை இருக்குது, மாறும்."

இராசேஸ்வரி தயங்கினாள். பிறகு கணவனைக் கைத்தாங்கலாக ஏற்றித் தானும் ஏறினாள். பரமலிங்கம் பின்சீட்டு நிறைந்ததைக் கண்டு முன்கதவுப் பக்கம் வந்து குடையைச் சுருக்கினார்.

"மத்தியானமே உங்களுக்குத் தெரியும்," என்றான் அல்பேர்ட்.

"தெரியும். சொன்னால் ஆர் நம்புவினம்? நெருப்புச் சொன்னால்தான் நம்புவினம். அந்தப் பொடியன்ரை கை தப்பினதெல்லே?"

"தப்பினது. அந்தக் கை இப்ப என்ன செய்யுதெண்டும் பாத்தனீங்கள்தானே." அல்பேர்ட் முன்கதவை உள்ளிருந்து பூட்டினான். "விடியக்காலமை மாங்குளத்திலை வவுனியா பஸ் இருக்குது. இப்பவே நடக்கத் தொடங்கினால் பிடிக்கலாம்."

பரமலிங்கம் இதுவும் ஒரு பகிடி என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். அல்பேர்ட் கியரைப் போட்டான்.

கார் குளக்கட்டைத் தாண்டி றோட்டில் ஏறியது. வளவுப் பக்கம் பாய்கள் எரிகிற புகை எழும்பியது. கண்ணாடியில் தில்லைநாதனின் முகம் தெரிந்தது. ஒரு குழந்தை கணக்குச் சரிபார்க்கிற மாதிரி உதடு அசைந்துகொண்டிருந்தது.

"தம்பி," என்றார் கடைசியில். "நான் குதிரையை விழவிடேல்லைத்தானே?"

அல்பேர்ட் வேகத்தைக் குறைத்தான். "இல்லை, ஐயா," என்றான். "ஏழடியும் நடந்தனீங்கள். நான் எண்ணினனான்."

"பாத்தியோ," என்று அவர் மனைவியிடம் திரும்பினார்.

இராசேஸ்வரி அவருடைய வெந்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, தோல் மிஞ்சியிருந்த விரல்களை இறுகப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.